ஆக்சிலேட்டரை விட்ட பிறகு

வேறு சைலன்சர் மாட்டிய புல்லட்டோடு ஒர்க்‌ஷாப்புக்கு வருகிறவர் முதலில் சொல்வது, "வெடிக்குதுண்ணே." எப்போது வெடிக்கிறது என்று கேட்டால் சற்று யோசிப்பார். முறுக்கும்போதா, விடும்போதா? பின்னால் சைலன்சரிலா, முன்னால் கார்புரேட்டரிலா? இதற்குப் பதில் கிடைத்துவிட்டால், ஸ்பேனரைத் தொடுமுன்பே பாதி வேலை முடிந்தது. கார்புரேட்டர் வழியாகத் திரும்பி அடித்தால் அது வேறு வழக்கு: டைமிங்கையும் வால்வையும் பார்க்க வேண்டும். அங்கே சைலன்சரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பெரும்பாலும் பதில் இதுதான்: "விடும்போது, பின்னால."

*

ஆக்சிலேட்டரை மூடியதும் எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை; வண்டிதான் எஞ்சினைச் சுற்றுகிறது. கார்புரேட்டரில் பெரிய வழி அடைபட்டு, பைலட் ஜெட் வழியாக மட்டும் துளித்துளியாகப் பெட்ரோல் இறங்குகிறது. சிலிண்டருக்குள் பழைய புகை அதிகம், புதுக் கலவை சொற்பம். பிளக் பொறி விடுகிறது, பற்றுவதில்லை. பற்றாத பெட்ரோல் ஆவி அப்படியே சூடான பைப்புக்குள் போகிறது.

அதோடு நின்றால் சத்தமே இருக்காது. அடுப்பில் ஈர விறகு புகைந்துகொண்டிருக்கும். ஊதுகுழலில் ஒரு ஊது, குப்பென்று பற்றும். பைப்புக்குள்ளும் பெட்ரோல் ஆவி அந்த ஒரு ஊதுக்காகத்தான் காத்திருக்கிறது. அப்படியானால் தேட வேண்டியது நெருப்பை அல்ல, காற்றை.

*

புகையை வெளியே தள்ளும் பைப்புக்குள் வெளிக்காற்று எப்படி நுழையும் என்பது நியாயமான சந்தேகம். புகை ஓடைபோல் ஓடுவதில்லை. துடித்துத் துடித்து வருகிறது. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 3000 சுற்றில் ஓடும்போது வினாடிக்கு 25 முறை புகையைத் தள்ளுகிறது. ஒவ்வொரு தள்ளலுக்குப் பின்னும் பைப்பின் அழுத்தம் வெளியை விடச் சற்றே தாழ்கிறது. அந்த இடைவெளியில், இணைப்பில் மயிரிழை ஓட்டை இருந்தாலும் போதும், காற்றை உறிஞ்சிக்கொள்ளும்.

சத்தம் கேட்பது வாலில். ஓட்டை இருப்பது பெரும்பாலும் தலையில், பெண்ட் பைப் சிலிண்டர் ஹெட்டோடு சேரும் இடத்தில். சைலன்சர் மாற்றும்போது பழைய கேஸ்கட்டையே திரும்பப் போடுவார்கள். அது ஒருமுறை நசுங்கி உருக்கொண்ட பொருள். இரண்டாம் முறை அதே இடத்தில் அதே மாதிரி உட்காராது. விலையில் ஒரு டீ செலவை விடக் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம். அதை மிச்சம் பிடித்துவிட்டு ஜெட்டுக்கு அலைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

பார்க்கும் முறை எளிது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, பைப் சூடேறுமுன் இணைப்பைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டால் கசியும் இடத்தில் நுரை கிளம்பும். ஓடிப் பழகிய வண்டியானால் அங்கே கரிக்கோடு விழுந்திருக்கும். புதுக் கேஸ்கட் போட்டு, நட்டுகளை ஒரேயடியாக இறுக்காமல், இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். சைலன்சர் கிளாம்பை அதற்குப் பிறகுதான் முறுக்க வேண்டும். முதலிலேயே பின்னால் முறுக்கிவிட்டால் பைப் வளைந்த நிலையில் நின்று, முன்னால் கேஸ்கட் ஒரு பக்கமாகத் தூக்கிக்கொள்ளும். சூடேறி ஆறியபின் மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்ப்பது நல்லது.

*

கசிவு நின்றும் வெடித்தால், அடுத்தது கலவை.

இங்கே ஒரு புதிர். எரியாத பெட்ரோலால்தானே வெடிக்கிறது? அப்படியானால் பெட்ரோலைக் குறைக்க வேண்டும் என்று தோன்றும். செய்ய வேண்டியதோ கூட்டுவது. பெட்ரோல் முழுதாக எரிய, எடைக்கணக்கில் ஒரு பங்குக்கு ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். காற்று அதைவிட மிகவும் அதிகமானால் கலவை மெலிந்து, பொறி பட்டும் பற்றாமல் போகிறது. பற்றாதது எல்லாம் பைப்புக்கு. சிலிண்டருக்குள் போதாமையாக இருப்பதுதான் பைப்புக்குள் மிச்சமாக வந்து நிற்கிறது. இதை முதலில் கேட்டபோது விசித்திரமாக இருந்தது. இன்றும் கொஞ்சம் அப்படித்தான் இருக்கிறது.

மூடிய ஆக்சிலேட்டர் பைலட் ஜெட்டின் ஆட்சி. மெயின் ஜெட்டைப் பெரிதாக்கிப் பயனில்லை; அது முழுக்க முறுக்கும்போதுதான் பேசும். திருக வேண்டிய ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றை அளப்பது; உள்ளே திருகினால் பெட்ரோல் செழிக்கும். எஞ்சின் பக்கம் இருந்தால் கலவையை அளப்பது. வெளியே திருக வேண்டும். கால் சுற்று திருகி, ஓட்டிப் பார்த்து, பிறகே அடுத்த கால். கூடவே கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு இருக்கிறதா என்று விரலால் வளைத்துப் பார்க்க வேண்டும். பிளக் பீங்கான் வெள்ளையாக இருந்தால் மெலிவு, கரியாக இருந்தால் மிகுதி. இளம்பழுப்பு வந்தால் கையை எடுத்துவிடலாம்.

*

பல வண்டிகளில் பைப்புக்குள் காற்றை வேண்டுமென்றே விடும் ஏற்பாடும் உண்டு. மிச்சப் பெட்ரோலை அங்கேயே எரித்து நச்சுப் புகையைக் குறைப்பதற்கு. ஆக்சிலேட்டரை விட்டதும் அதன் வால்வு மூடிக்கொள்ள வேண்டும். மூடச் சொல்லும் சிறு வேக்குவம் குழாய் கழன்றோ கீறியோ இருந்தால் மூடாது. குழாயை மாற்றுவதை விட்டுவிட்டு மொத்த ஏற்பாட்டையும் அடைத்துவிடுவது ஒரு வழக்கமாகிவிட்டது. சத்தம் நிற்கும்தான். நமக்குக் கேட்காதது பின்னால் வருகிறவர் மூச்சில் போகும்.

2020 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான பிஎஸ்-6 மாசு விதிப்படி வந்த வண்டிகளில் பெரும்பாலும் திருக ஸ்க்ரூ கிடையாது. ஆக்சிஜன் சென்சார் புகையை முகர்ந்து சொல்ல, கம்ப்யூட்டர் பெட்ரோலை அளக்கிறது. சென்சாருக்கு முன்னால் கசிவிருந்தால் அது வெளிக்காற்றை முகர்ந்துவிட்டு "மெலிவு" என்று பொய்ச்சாட்சி சொல்லும். அங்கும் முதல் வேலை கேஸ்கட்தான்.

*

1955-இல் திருவொற்றியூரில் வேர்விட்ட புல்லட்டின் பழைய சின்னத்தில் பீரங்கி இருக்கும். துப்பாக்கியைப் போலச் செய்யப்பட்டது என்பது இங்கிலாந்துக் காலத்து விளம்பரம். அதில் சொன்னது உறுதியைப் பற்றி, சத்தத்தைப் பற்றி அல்ல. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்கு இங்கே அனுமதிக்கப்பட்ட சத்தம் 80 டெசிபல். கண்ணாடிப் பஞ்சு சுற்றிய நேர்க்குழாய் சைலன்சர்கள் பல அதற்குக் கட்டுப்படுவதில்லை. கம்பெனி சைலன்சரைத் திரும்ப மாட்டுவதும் ஒரு வைத்தியம்தான். யாரும் அதைக் கேட்க விரும்புவதில்லை.

*

எல்லாம் சரிசெய்த பிறகும் நேர்க்குழாயில் சின்னச் சின்னப் பொரிச்சல் மிஞ்சும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது ஒவ்வொரு வளைவிலும் ஆக்சிலேட்டரை விட்டாக வேண்டும்; ஒவ்வொன்றிலும் இரண்டு பொரி பொரியும். கம்பெனி சைலன்சர் உள்ளறைகளில் அடக்கி வைத்திருந்தது அது. அதையும் ஒழிக்கிறேன் என்று பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனால் பிளக் கரி பிடிக்கும், மைலேஜ் விழும், சிலிண்டர் சுவரின் ஆயில் படலத்தைப் பெட்ரோல் கழுவிவிடும். அதனால் அந்த மிச்சத்தை விட்டுவிடச் சொல்கிறேன்.