தள்ளுபடி யார் கணக்கில்?

25 பைசாவும் அதற்குக் கீழான நாணயங்களும் 2011 ஜூன் 30-ஓடு செல்லாக்காசாகிவிட்டன. பத்து வருடம் கழித்து, மதுரை செல்லூரில் புதிதாகத் திறந்த பிரியாணிக் கடை ஒன்று ஐந்து பைசா நாணயத்துக்கு ஒரு பிரியாணி என்று அறிவித்தது. கொரோனாக் காலம். எந்த உண்டியலில் கிடந்ததோ, எந்தப் பாட்டியின் சுருக்குப் பையில் கிடந்ததோ, நாணயத்தைத் தேடி எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் வந்து நெருக்கினார்கள். கடைசியில் ஷட்டரை இறக்க வேண்டியதாயிற்று. இந்த மாதிரிச் செய்திகள் அன்றோடு முடிந்துவிடுகின்றன. மறுவாரம் முழு விலை கொடுத்துச் சாப்பிட யார் வந்தார்கள் என்பதுதான் கடைக்காரரின் கவலை, அதை யாரும் எழுதுவதில்லை.

இங்கிலாந்தில் ரெடிங் நகருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பேக்கரி. 2011-இல் குரூப்பான் தளத்தில் 26 பவுண்டு மதிப்புள்ள ஒரு டஜன் கப்கேக்கை 6.50 பவுண்டுக்குத் தருவதாகக் கூப்பன் போட்டது. 8,500 பேர் வாங்கிவிட்டார்கள். 1,02,000 கேக் சுட்டாக வேண்டும்! வெளியாட்களைக் கூலிக்கு வைத்து இரவு பகலாகச் சுட்டும், 12,500 பவுண்டு கைநஷ்டம். கூப்பன் வாங்கியவர்கள் பக்கம் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த மலிவுக்கான பணம் வானத்திலிருந்து விழவில்லை, அடுப்படியில் நின்றவர்களிடமிருந்து போனது.

எல்லாத் தள்ளுபடியும் இப்படி அல்ல. ஆடியில் கல்யாணம் கிடையாது, ஜவுளிக்கடை காற்று வாங்கும். தீபாவளிச் சரக்கு வந்து இறங்குமுன் பழையதைக் கழித்தாக வேண்டும். ஆடித் தள்ளுபடியில் அந்த நியாயம் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் பண்டிகைத் தள்ளுபடியில் அரசின் மானியம் இருக்கிறது. அங்கே 'கனவு நனவுத் திட்டம்' என்று ஒரு மாதச் சந்தாவும் உண்டு. ஒழுங்காகக் கட்டி வந்தால் கடைசித் தவணையைக் கோ-ஆப்டெக்ஸே போட்டுத் துணி தரும். இந்த இடங்களில் குறைத்த காசை யார் தருகிறார் என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

எடப்பாடியில் இதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தறிச் சத்தத்தோடு விடியும் ஊர் அது. புடவைக்கு இவ்வளவு, துண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசித்தான் பாவு ஏறுகிறது. ஈரோட்டு ஜவுளிச் சந்தையில் விலை இறங்கினால் இங்கே யாரும் போர்டு எழுதி மாட்டுவதில்லை. அடுத்த பாவுக்குக் கூலி குறையும். இல்லாவிட்டால் பாவே வராது, தறி நிற்கும். அதே தறிக்காரர் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு சேலத்துக்குப் பஸ் ஏறி, 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' சட்டைக்கு வரிசையில் நிற்கிறார். பில் போடும்போது, "இன்னும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கண்ணா" என்கிறார். இதை வேடிக்கை என்று சிரித்துவிட்டுப் போகலாம். அவர் கைக்கு வருகிற கூலியில் முழு விலைச் சட்டை கட்டுப்படியாகாது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் சிரிப்பு வராது.

கொங்கணாபுரம் சனிச்சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுவது வேறு சங்கதி. பல்லைப் பிடித்துப் பார்த்து, முதுகைத் தடவி, இரண்டு தரம் திரும்பிப் போவதுபோல் போக்குக் காட்டி, ஐம்பது நூறு குறைத்து முடிக்கிறார்கள். விற்கிறவர் எதிரிலேயே நிற்கிறார். அவருக்குக் கட்டுமா கட்டாதா என்பது முகத்தில் தெரிந்துவிடும். கூப்பனில் அந்த முகம் இல்லை. நடுவில் உட்கார்ந்திருக்கும் நிறுவனம் விலையைக் குறைத்துக் காட்டி, அதிலும் தன் பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கடைக்குத் தள்ளுகிறது. 2017 நவம்பரில் சொமாட்டோ கோல்டு வந்தது. சந்தா கட்டியவருக்கு ஒரு பதார்த்தம் வாங்கினால் இன்னொன்று இலவசம். 2019 ஆகஸ்டில் குருகிராமில் தொடங்கி நாடெங்கும் நூற்றுக்கணக்கான உணவகங்கள் இதுபோன்ற சலுகைத் திட்டங்களிலிருந்து ஒரே நேரத்தில் வெளியேறின. அந்தச் சண்டைக்கு 'லாக்-அவுட்' என்றே பெயர். செல்போனை நீட்டியதும் பரிமாறுகிறவர் முகம் சுருங்குவதைப் பார்த்தவர்களுக்கு அது ஏன் வெடித்தது என்று புரிந்திருக்கும்.

ஜப்பானிய உணவகத்தில் கடைக்கும் வாடிக்கையாளருக்கும் உள்ள உறவு வேறு மாதிரி. ஒரகடத்தில் ஜப்பானின் நிசான் கார்த் தொழிற்சாலை 2010-இல் வந்த பிறகு அந்தச் சாப்பாடு சென்னைக்கு அதிசயமாக இல்லை. நுங்கம்பாக்கத்தில் டாலியா போன்ற கடைகள் பெயர் பெற்றிருக்கின்றன. ஆனால் ஜப்பானிலேயே போய்ச் சாப்பிடும் தமிழருக்கு முதல் அதிர்ச்சி மீனில் இல்லை, பில்லில். இசகாயா எனும் மதுவகங்களில் உட்கார்ந்ததும் கேட்காமலே ஒரு சின்னக் கிண்ணத்தில் ஏதோ வரும். 'ஒதோஷி' என்பார்கள். கடைசியில் அதற்குச் சில நூறு யென் பில்லில் இருக்கும். நம் ஊரில் சண்டை வந்துவிடும்! ஆனால் டிப்ஸ் கிடையாது, வைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். உட்கார்ந்த இடத்துக்கு இவ்வளவு என்று கடை வெளிப்படையாகவே வாங்கிக்கொள்கிறது. டிப்ஸை நம்பிச் சம்பளத்தைக் குறைப்பதைவிட இது நேர்மையானது என்றே படுகிறது.

அங்கேயும் மலிவுக் கடை உண்டு. பீர்த் தொழிற்சாலையின் கன்வேயர் பெல்ட்டைப் பார்த்த யோஷியாக்கி ஷிராய்ஷி, 1958-இல் ஒசாகாவில் சுஷித் தட்டுகளைச் சுற்றவிட்டார். வேண்டியதை எடுத்துச் சாப்பிடலாம், கடைசியில் காலித் தட்டை எண்ணிப் பணம். ஆள் குறைவு, விலையும் குறைவு. அந்த மலிவு நின்றது வாடிக்கையாளரின் ஒழுங்கின்மேல். 2023 ஜனவரியில் கிஃபு நகரத்து சுஷிரோ கிளை ஒன்றில் ஒரு பையன் சோயா சாஸ் பாட்டிலை நக்கி, சுற்றிவந்த சுஷியில் எச்சிலைத் தடவினான். வீடியோ பரவியது, நிறுவனத்தின் பங்கு விலை சரிந்தது. 6.7 கோடி யென் இழப்பீடு கேட்டுப் போட்ட வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது. பல கடைகளில் தட்டுகள் தானாகச் சுற்றுவது நின்று, ஆர்டர் செய்தது மட்டும் வருகிறது.

எடப்பாடிப் பக்கத்துப் புரோட்டாக் கடைகளில் பெல்ட்டும் இல்லை, எண்ணத் தட்டும் இல்லை. இலையை எடுத்துப் போட்டுவிட்டு ஈரக்கையோடு கல்லாவுக்கு வந்தால், "எத்தனைங்க?" என்பார் கடைக்காரர். "மூணு புரோட்டா, ஒரு கலக்கிங்க." அவ்வளவுதான், காசை வாங்கிப் போட்டுக்கொள்வார். இப்போது கல்லாவில் பேசும் பெட்டி வந்துவிட்டது, எவ்வளவு பணம் ஏறியது என்று அது கத்திச் சொல்கிறது. எத்தனை புரோட்டா என்பதை மட்டும் இன்னும் சாப்பிட்டவரேதான் சொல்கிறார்.