இழுத்தவரும் இழுக்கப்பட்டவரும்

1907ஆம் ஆண்டு, அமெரிக்காவின் காம்டன் நகரில் கட்டப்பட்ட 'ஹெர்குலிஸ்' என்னும் நீராவி இழுவைக் கப்பல், தன் உடன்பிறப்பான 'கோலியா'வைக் கயிற்றில் இழுத்துக்கொண்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் புறப்பட்டது. பனாமாக் கால்வாய் திறக்கப்படாத காலம். தென் அமெரிக்காவைச் சுற்றி, மகெல்லன் நீரிணை வழியே நெடும்பயணம். இரண்டுக்கும் வேண்டிய எரியெண்ணெயையும் நீரையும் உணவையும் சுமந்து வந்தது, இழுக்கப்பட்ட கோலியாவே!

பின்னர்ப் பாய்மரக் கப்பல்களையும், பழுதுற்ற கலங்களையும், மரத்தெப்பங்களையும், இரயில் பெட்டிகள் ஏற்றிய மிதவைகளையும் இழுத்த ஹெர்குலிஸ், 1962இல் ஓய்ந்தது. 1977 முதல் அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை அதனைப் பேணி வருகிறது. 1986இல் அது தேசிய வரலாற்றுச் சின்னமாயிற்று.

உழைத்து ஓய்ந்ததைப் பேணுதல் வீண்செலவா? பசித்தோர் பலர் இருக்க, பழைய இரும்புக்குச் செலவிடலாமா? கேள்வி நியாயமானதே. ஆயினும், பயன் தீர்ந்ததும் உடைத்து எடைக்கு விற்பதே அறிவு எனப் பழகிய உள்ளம், அதே தராசை மனிதரிடமும் நீட்டாது என்பதற்கு என்ன உறுதி?

"நான் உங்களுக்குப் பாரமாகிவிட்டேன்" என்று நம் இல்லத்து முதியோர் சொல்லக் கேட்கிறோம். மறுக்கிறோம், ஆனால், நம் முகம் அதனை மறுப்பதில்லை. ஒருகாலத்தில் நம்மை இழுத்தவர்கள், இன்று நம்மால் இழுக்கப்படுகிறார்கள். அவ்வளவே மாற்றம். நாம் யார், எவருடைய வியர்வையில் வளர்ந்தோம் என்னும் நினைவை இன்றும் அவர்களே நமக்காகச் சுமக்கிறார்கள். கயிற்றை அறுத்துவிட்டால் பாரம் குறையும், உண்மைதான். ஆனால், எரியெண்ணெய் எந்தக் கப்பலில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தோமா?