மகன் தத்துவம் படிக்கலாமா?

நம் சங்கத்து அன்பர் ஒருவர், வெங்காயமும் மிளகாயும் மொத்தமாக விற்பவர், சென்ற வாரம் நம்மிடம் ஒரு வழக்கைக் கொண்டுவந்தார். அவருடைய இளைய மகனுக்குச் சர்வகலாசாலையில் இடம் கிடைத்திருக்கிறது. கணக்கியல் படிப்பான் என்று வீட்டார் நம்பியிருக்க, பையனோ, "வாப்பா, நான் தத்துவம் படிக்கப் போகிறேன்" என்று சொல்லிவிட்டான்.

"அதைப் படித்து என்ன செய்வான்? ஈமானும் போய், இருக்கிற புத்தியும் போய்விடாதா? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லி அவனைத் திருப்புங்கள்" என்றார் அன்பர்.

நாம் உடனே வாக்குக் கொடுக்கவில்லை. இந்தக் கவலை அவர் ஒருவருடையதன்று. கடை வைத்துப் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நம்மில் பலருக்கும் உரியது. ஆகவே அதை இங்கே சற்று நிதானமாக ஆராய்வோம்.

முதற் கேள்வி பிழைப்பைப் பற்றியது. கணக்காளருக்கும் வைத்தியருக்கும் உள்ளதுபோல், பட்டம் பெற்றதும் இன்ன வேலை என்று கைகாட்டும் நேர்வழி தத்துவத்துக்கு இல்லை. இதை மூடி மறைத்துப் பேசினால், சரக்கின் குறையை மறைத்து விற்றவர்கள் ஆவோம். கடன் அழுத்தும் குடும்பத்தில், உடனே சம்பாதித்தாக வேண்டிய பிள்ளை இப்படிப்பை நாடினால், அவன் முதலில் தன் கடமையை எண்ணிப் பார்ப்பதே முறை. நம் அன்பர் வீட்டிலோ அந்த நெருக்கடி இல்லை. மூத்தவர்கள் இருவரும் கடையில் நிலைத்துவிட்டார்கள். மேலும், தத்துவத்தை அரசியலோடும் பொருளியலோடும் சேர்த்துப் படிக்கும் ஏற்பாடு ஆக்ஸ்போர்டில் 1920-லேயே தொடங்கிற்று. பாக்கிஸ்தானின் பிரதமராயிருந்த பெனாசிர் பூட்டோ அதைப் படித்தவர். வேலைக்கு வழி நேரானதன்று என்பதால் வழியே இல்லை என்று ஆகிவிடாது.

இரண்டாவது கேள்வி ஈமானைப் பற்றியது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பெயரைச் சொல்லித்தான் நம்மில் பலர் இக்கல்வியை ஒதுக்குகிறார்கள். அவர்கள் செய்தது என்ன என்று பார்ப்போம். 1091-ல் அவர்கள் பக்தாது நிஜாமிய்யாக் கல்விக்கூடத்தின் ஆசிரியரானார்கள். பாடம் நடத்தியது போக எஞ்சிய நேரத்தில் தத்துவ நூல்களைத் தாமே முயன்று படித்தார்கள். தத்துவவாதிகள் சொல்வது இன்னது என்று முதலில் ஒரு நூலில் எடுத்துரைத்தார்கள். அதன் பிறகே 'தஹாபுதுல் பலாஸிபா' என்னும் நூலில் இருபது விஷயங்களை எடுத்து மறுத்தார்கள். அந்த இருபதிலும் மூன்றைத்தான் குப்ரு என்று தீர்ப்புக் கூறினார்கள். தர்க்கத்தை அவர்கள் விலக்கவில்லை. மார்க்கச் சட்டத்தின் மூலங்களைப் பற்றி எழுதிய 'முஸ்தஸ்பா' நூலுக்குத் தர்க்கத்தையே முகவுரையாக வைத்தார்கள். அவர்களுக்குப் பின்னாளில் மறுப்பெழுதிய இப்னு ருஷ்து (1126–1198) அவர்களும் ஸ்பெயின் நாட்டில் காழியாக நீதி செலுத்தியவர். இரு தரப்பிலும் நின்றவர்கள் தீனை அறிந்தவர்களே, தத்துவத்தைக் கற்றவர்களே.

"எல்லாப் பிள்ளையும் கஸ்ஸாலி ஆவானா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த இமாமையே ஏறக்குறைய இரண்டு மாத காலம் கடுஞ்சந்தேகம் பீடித்திருந்தது என்பதை அவர்களே எழுதிவைத்திருக்கிறார்கள். ஆபத்து இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் இக்காலத்துப் பிள்ளைக்குச் சந்தேகம் சர்வகலாசாலை வாசலில் காத்திருக்கவில்லை. பதினைந்து வயதிலேயே கைத்தொலைபேசி வழியாக வந்து சேர்ந்துவிடுகிறது. அங்கே ஒருவன் எதையும் சொல்லிவிட்டுப் போகலாம். வகுப்பிலோ, "நீ சொல்வதற்கு ஆதாரம் என்ன?" என்று கேட்க ஓர் ஆசிரியர் இருக்கிறார். வீட்டிலும் அப்படிக் கேட்டுப் பேச ஒரு தகப்பனார் இருந்தால், அந்தப் பிள்ளை தனித்து விடப்பட்டவனல்லன்.

இவ்வளவும் கேட்ட அன்பர், "சரி, நம்மைப்போன்ற வியாபாரிக்கு அந்தப் படிப்பில் என்ன இருக்கிறது?" என்றார். நாம் அவருக்கு ஒரு பழைய வழக்கைச் சொன்னோம்.

ரோடுத் தீவில் பஞ்சம். தானிய விலை உச்சத்தில் நிற்கிறது. அலெக்சாந்திரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறையத் தானியத்தோடு வந்து சேர்கிறான். அவனுக்குப் பின்னால் இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பதை அவன் கடலில் பார்த்திருக்கிறான். ஊராருக்கு அது தெரியாது. அவன் அதைச் சொல்ல வேண்டுமா, சொல்லாமல் நல்ல விலைக்கு விற்கலாமா? ரோமாபுரி அறிஞர் சிசரோ கி.மு. 44-ல் எழுதிய நூலில் இவ்வழக்கு வருகிறது. இதில் வாதாடும் இருவரும் ஒரே தத்துவப் பள்ளியின் தலைவர்கள். அப்பள்ளியை நிறுவிய ஜீனோ என்பவரே கப்பல் உடைந்து ஏதென்ஸ் நகரில் ஒதுங்கிய வியாபாரி என்று சொல்லுவார்கள். டயோஜனீஸ் என்பவர், "சட்டம் கேட்கும் குறைகளைச் சொல்லிவிட்டான், பொய் சொல்லவில்லை. சொல்லாதிருப்பது வேறு, மறைப்பது வேறு" என்ற பக்கம் நின்றார். ஆன்டிபேட்டரோ, மனிதர் ஒருவருக்கொருவர் கடமைப்பட்டவர்கள், வாங்குபவன் அறிய வேண்டியதை விற்பவன் தன் லாபத்துக்காக அடக்கிவைப்பது தகாது என்று வாதாடினார்.

அன்பர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: "2023 டிசம்பரில் இந்திய அரசாங்கம் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது நினைவிருக்கும். இங்கே விலை ஏறிப்போயிற்று. 2024 மே 4-ந் தேதி தடையை நீக்கிவிட்டார்கள் என்று ஊரிலிருந்து எனக்குப் போன் வந்தது. அன்று காலையில் சாப்பாட்டுக் கடைக்காரர் இருவர் வந்து இரண்டு வாரச் சரக்குக் கேட்டார்கள். பழைய விலைக்கே கொடுத்தேன். அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை; நானும் ஒன்றும் சொல்லவில்லை."

நாம் அவரைக் குற்றஞ் சாட்டவில்லை. நம்மில் எத்தனை பேர் அன்று வேறுவிதமாக நடந்திருப்போம்? ஆனால் நம் மார்க்கம் இதில் மௌனமாயில்லை. சரக்குக் கொண்டுவருவோரை ஊருக்கு வெளியே சென்று மறித்து, சந்தை நிலவரம் அறியுமுன் அவர்களிடம் வாங்குவதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தத்துவத்தை மறுத்தவர் என்று நாம் சொல்லும் அதே கஸ்ஸாலி இமாம், 'இஹ்யா'வில் வியாபாரத்துக்கென்றே ஒரு பகுதி எழுதி, அன்றைய விலை நிலவரத்தை வாங்குபவனுக்கு மறைக்கலாகாது என்று விதித்தார்கள். அந்த விதியைக் கப்பலில் வரவிருக்கும் சரக்குக்கும் பொருத்தலாமா, ஊரிலிருந்து வந்த போன் செய்திக்கும் பொருத்தலாமா? இப்படி எடுத்துப் பொருத்திப் பார்க்கும் பழக்கத்தைத்தான் அந்தப் பையன் நான்கு வருஷம் படிக்க விரும்புகிறான்.

"அவன் படித்துவிட்டு வந்து இதை என்னிடம் கேட்டால்?" என்றார் அன்பர்.

அவருடைய உண்மையான அச்சம் அப்போதுதான் வெளிப்பட்டது. மகனுக்கு வேலை கிடைக்காது என்பதைவிட, மகன் கேள்வி கேட்பான் என்பதே அவரை வருத்திற்று. நம் அபிப்பிராயம் இதுதான்: பிள்ளை கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம். படிக்க அனுப்புமுன் தகப்பனாரே இந்த வெங்காயக் கணக்கை மகன் முன் வைத்து, அவன் சொல்வதைக் கேட்கட்டும். தான் சொல்வதையும் அவன் கேட்கும்படி செய்யட்டும். அந்தப் பேச்சு நல்லபடியாக நடந்தால், பையனைத் திருப்ப நம்முடைய வார்த்தை தேவைப்படாது, அனுப்பவும் தேவைப்படாது.

அன்பர் எழுந்து போனார். அந்த இரண்டு கடைக்காரரில் ஒருவரை வழியில் பார்க்க வேண்டியிருக்கிறது என்று மட்டும் சொன்னார்.