கெட்ட பெயருக்கு ஆயுள் இரண்டு வருடம்

2013-ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவில் ஒரு சின்ன நிபந்தனை இருக்கிறது. ஒரு கம்பெனி பெயரை மாற்றிக்கொண்டால், புதுப் பெயரோடு பழைய பெயரையும் வாசல் பலகையிலும் கடிதத்தாளிலும் பில்லிலும் போட வேண்டும். எத்தனை காலம்? இரண்டு வருடம். அதற்கப்புறம் பழைய பெயரை யாரும் கேட்க மாட்டார்கள்.

1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டம் வேறு மாதிரி பேசுகிறது. பதிவு செய்த லோகோவுக்குப் பத்து வருடம் பாதுகாப்பு. கட்டணம் கட்டினால் இன்னொரு பத்து வருடம், அப்புறம் இன்னொரு பத்து. எத்தனை தடவை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், கணக்கே கிடையாது. ஆக, சம்பாதித்த நல்ல பெயரைக் கொள்ளுப்பேரன் காலம் வரை அனுபவிக்கலாம். கெட்ட பெயரை மூன்றாவது தீபாவளிக்குள் தலைமுழுகிவிடலாம்.

சட்டம் எழுதியவர்களை மட்டும் திட்டிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மக்களின் ஞாபகசக்தி எவ்வளவோ அவ்வளவுதான் அவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

லோகோ என்றால் வெறும் ஏமாற்று வித்தை என்று சொல்கிற கட்சியும் நான் இல்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் அதிகம் இருந்த காலத்தில் நம் ஊர்க் கடைகளில் ‘மார்க்’ என்ற ஒன்றுதான் ஏழையின் ஒரே பாதுகாப்பு. அணில் படம் போட்ட சேமியாவா, சேவல் படம் போட்ட பட்டாசா என்று பார்த்து வாங்கினார்கள். சரக்கு மோசமாக இருந்தால் அடுத்த முறை அந்தப் படத்தை ஒதுக்கினார்கள். தயாரிப்பாளரின் குடுமி வாங்குகிறவர் கையில் இருந்தது. லோகோவுக்குப் பகுத்தறிவு சார்ந்த நியாயம் ஒன்று உண்டென்றால் அது இந்தக் குடுமிதான்.

அமெரிக்காவிலும் கதை அங்கேதான் தொடங்குகிறது. புராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியை நமக்குத் தெரியும். ஏரியல், டைட், விக்ஸ், விஸ்பர் எல்லாம் அவர்களுடையவை. 1850-களில் சின்சினாட்டி படகுத்துறைத் தொழிலாளிகள், எந்தப் பெட்டியில் மெழுகுவர்த்தி இருக்கிறது என்று தெரிய அதன்மேல் ஒரு கிறுக்கல் குறி போட்டார்கள். அது நட்சத்திரமாயிற்று, பின்னர் பதின்மூன்று நட்சத்திரமும், நிலாவுக்குள் தாடிக்காரக் கிழவன் முகமும் ஆயிற்று. பதின்மூன்று என்பது அமெரிக்காவின் ஆதிக் குடியேற்றங்களின் எண்ணிக்கை. நூறு வருடத்துக்கு மேல் அந்தக் கிழவன் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை.

1980-களின் தொடக்கத்தில் வந்தது வதந்தி. தாடியின் சுருளைக் கண்ணாடியில் காட்டிப் பார், 666 தெரியும். கம்பெனித் தலைவர் டி.வி.யில் வந்து லாபத்தில் பங்கு சாத்தானின் சபைக்குப் போகிறது என்று ஒப்புக்கொண்டார். அப்படி ஒரு நிகழ்ச்சியே நடக்கவில்லை. ஆனாலும் 1982-இல் ஒரே மாதத்தில் பதினைந்தாயிரம் தொலைபேசி அழைப்புகள் கம்பெனிக்கு வந்தன. ஜெர்ரி ஃபால்வெல் போன்ற பெரிய மதப் பிரசாரகர்களே இது பொய் என்று சொல்லியும் அடங்கவில்லை. 1985-இல் பொட்டலங்களிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிடுகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. 1991-இல் தாடியின் சுருளை நீவி நேராக்கினார்கள். பேய்க்குப் பயந்து ஒரு படத்துக்கு முடிதிருத்தம் செய்த நாடு அது! வதந்தியைப் பரப்பிய ஆம்வே விற்பனையாளர்கள் நான்கு பேர் மீது போட்ட வழக்கில் 2007-இல்தான் 1.925 கோடி டாலர் இழப்பீடு தீர்ப்பானது.

இல்லாத சாத்தானுக்கு அவ்வளவு கோபம். உண்மையிலேயே ஆட்கள் செத்த இடத்தில் என்ன நடந்தது?

1984 டிசம்பர் 2 நள்ளிரவு, போபால். பூச்சிமருந்து ஆலையிலிருந்து மெத்தில் ஐசோசயனேட் கசிந்தது. இறந்தவர்கள் அரசாங்கக் கணக்குப்படியே ஐயாயிரத்துக்கும் மேல். ஆலை யூனியன் கார்பைட் இந்தியாவுடையது. அதில் 50.9 சதவீதப் பங்கு அமெரிக்கத் தாய்க் கம்பெனியிடம் இருந்தது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். பலருக்குத் தெரியாதது, அல்லது தெரிந்தும் உறைக்காதது: எவரெடி பேட்டரியும் அதே கம்பெனியின் சரக்குதான். ராத்திரி கொல்லைப்பக்கம் போவதற்கும், பம்ப்செட் போட வயலுக்கு நடப்பதற்கும் நம் வீடுகளில் இருந்த டார்ச் லைட்டுக்குள் இருந்தது அந்தச் சிவப்புக் கட்டைதான். சென்னை திருவொற்றியூரிலேயே அதற்கு ஒரு ஆலை இருந்தது. 1984-க்கு அப்புறமும் பெட்டிக்கடையில் போய் எவரெடி கொடு என்றுதான் கேட்டோம். 9 என்ற எண்ணுக்குள் பூனை தாவுகிற அந்தக் குறிக்கும் போபாலில் பிணங்கள் அடுக்கிய படத்துக்கும் நடுவே நம் மண்டையில் ஒரு கோடுகூட இழுபடவில்லை. இரண்டு படங்களும் ஒரே செய்தித்தாளில் வந்திருக்கலாம்.

1994-இல் தாய்க் கம்பெனி தன் பங்கை விற்றது. கல்கத்தா மெக்லியட் ரஸ்ஸல் வாங்கியது. யூனியன் கார்பைட் இந்தியா என்ற பெயர் போய் எவரெடி இண்டஸ்ட்ரீஸ் வந்தது. வாங்கியவர்கள் போபால் ஆலையை ஓட்டியவர்கள் அல்ல. விற்ற பணத்தில் போபாலில் மருத்துவமனை வந்தது. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். என் கேள்வி பெயரைப் பற்றியது. 2010 ஜூன் 7-இல் போபால் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. உயிரோடிருந்த இந்திய அதிகாரிகள் ஏழு பேருக்கு இரண்டு வருடச் சிறை. கூடவே யூனியன் கார்பைட் இந்தியா என்ற கம்பெனிக்கு ஏறக்குறைய ஐந்து லட்சம் ரூபாய் அபராதம். பதிவேட்டில் அந்தப் பெயர் மாறி அப்போது பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஆலைக்குள் கிடந்த 337 டன் நச்சுக் கழிவு பன்னிரண்டு கண்டெய்னர்களில் பீதம்பூருக்குப் புறப்பட்டது 2025 ஜனவரியில். பெயரை அகற்றப் பத்து வருடம், குப்பையை அகற்ற நாற்பது.

லோகோ வரையும் கலைஞர்களிடம் இதைப் பேசினால், வரைவது எங்கள் வேலை, நடத்தை கம்பெனியின் வேலை என்பார்கள். பாதி உண்மைதான். பால் ராண்ட் அந்தத் தொழிலின் பிதாமகர், ஐ.பி.எம்., ஏ.பி.சி., யு.பி.எஸ். சின்னங்கள் அவர் கைவண்ணம். பொருளின் தரம்தான் சின்னத்துக்கு அர்த்தம் கொடுக்கும், சின்னம் பொருளுக்குத் தராது என்று கருதியவர். சாவதற்கு முன் அவர் கடைசியாகச் செய்தவற்றில் ஒன்று என்ரான் கம்பெனியின் சாய்ந்த ‘ஈ’. 1997-இல் வெளியிட்டார்கள். ஒரு கோடு மஞ்சளாக இருந்ததால் நகலெடுத்தாலும் ஃபேக்ஸ் அனுப்பினாலும் அது மறைந்துபோனது, பச்சையாக மாற்றினார்கள். கோடு மறைவதைக் கண்டுபிடிக்க அங்கே ஆள் இருந்தது. கணக்குப் புத்தகத்தில் கடன் மறைவதைச் சொல்லத்தான் ஆளில்லை. 2001 டிசம்பர் 2-இல் என்ரான் திவால். ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பு காற்றில் போனது. அடுத்த வருடம் நடந்த ஏலத்தில் அந்த ‘ஈ’ பலகை ஒன்று மட்டும் 44,000 டாலருக்குப் போயிற்று.

ஆகவே நல்ல லோகோ எப்படி இருக்க வேண்டும், பட்டன் அளவில் சுருக்கினாலும் தெரிய வேண்டும், கறுப்பு வெள்ளையிலும் நிற்க வேண்டும், பலகையிலும் பில்லிலும் ஒரே நிறம் வர வேண்டும் என்ற பாடங்களெல்லாம் என்ரானும் தேறிய பாடங்கள். அவற்றை வைத்து ஒரு கம்பெனியின் ஒழுக்கத்தை அளக்க முடியாது. நம்மால் அளக்காமல் இருக்கவும் முடிவதில்லை. கல்லைக் கும்பிட மாட்டேன் என்று மேடையில் பேசிவிட்டு வருகிற நம் தோழரின் காலில், 1971-இல் ஒரு மாணவி 35 டாலருக்கு வரைந்து கொடுத்த அந்த வளைந்த கோடு இருக்கும். அதே தையல், அதே ரப்பர், கோடு இல்லாமல் பாதி விலைக்குக் கொடுத்தால் அவர் வாங்க மாட்டார். அம்மன் சிலைக்குச் சக்தி ஏது என்று கேட்ட அதே வாயால் இந்தக் கோட்டுக்குச் சக்தி ஏது என்று கேட்டுப் பார்க்கட்டும்.

சக்தி இருக்கிறது என்பதைக் கம்பெனிகளே நிரூபித்திருக்கின்றன. 2012 டிசம்பரில் ஆஸ்திரேலியா சிகரெட் பெட்டிகளிலிருந்து லோகோவை ஒழித்தது. எல்லாப் பெட்டியும் ஒரே அழுக்குப் பழுப்பு நிறம். பார்க்கவே பிடிக்காத நிறம் எது என்று புகைபிடிப்பவர்களிடம் விசாரித்துத் தேர்ந்தெடுத்த நிறம் அது. பெயர் மட்டும் எல்லாருக்கும் ஒரே எழுத்தில். உள்ளே இருந்த புகையிலையை யாரும் தொடவில்லை. சரக்கின் தரம்தான் எங்களை விற்கிறது என்றால், அட்டையின் நிறம் மாறியதற்குச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாமே? நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். தோற்றார்கள். ஃபிலிப் மாரிஸ் ஹாங்காங் ஒப்பந்தத்தைப் பிடித்துக்கொண்டு சர்வதேசத் தீர்ப்பாயத்துக்கும் போனது. 2015-இல் அதுவும் நிற்கவில்லை. அந்த ஃபிலிப் மாரிஸின் முன்னாள் அமெரிக்கத் தாய்க் கம்பெனி 2003-லேயே ஆல்ட்ரியா என்று பெயர் மாற்றிக்கொண்டிருந்தது. நம் ஊர் இம்பீரியல் டொபாக்கோ கம்பெனி 1970-இல் இந்தியா டொபாக்கோ கம்பெனி ஆயிற்று, 1974-இல் ஐ.டி.சி. ஆயிற்று, 2001-இல் எழுத்துகளுக்கு நடுவே இருந்த புள்ளிகளும் போயின. இப்போது அந்த மூன்று எழுத்துக்கு விரிவே கிடையாது. அதே வீட்டின் கோதுமை மாவு நம் சமையலறையில் இருக்கிறது. மாவைச் சொல்லவில்லை, மாவு நல்ல மாவுதான். புகையிலை என்ற சொல் எங்கே போனது என்று கேட்கிறேன்.

நான் கேட்பது பெரிய புரட்சி ஒன்றுமில்லை. சிகரெட் அட்டையில் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படத்துக்கு ஒதுக்கச் சொல்லி 2016-இல் நடைமுறைப்படுத்திய அரசுக்கு இது கைவராத காரியம் அல்ல. 12-ஆவது பிரிவில் ‘இரண்டு வருடம்’ என்ற சொற்களை எடுத்துவிட்டு, ‘கம்பெனியின் வணிகச் சின்னம் பதிவில் இருக்கும் வரை’ என்று எழுதுங்கள். நல்ல பெயர் எவ்வளவு காலமோ பழைய பெயரும் அவ்வளவு காலம். நேர்மையாகத் தொழில் செய்து, வேறு காரணத்துக்காகப் பெயர் மாற்றியவருக்கு இதில் நஷ்டம் ஒன்றுமில்லை. பலகையில் ஒரு வரி கூடும், அவ்வளவுதான்.

சட்டம் மாறும்வரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அடுத்த முறை மளிகைக்கடையில் பாக்கெட்டைக் கையில் எடுத்தால் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் திருப்புங்கள். எடை, விலை, தயாரித்த தேதிக்குப் பக்கத்தில், மூக்குக்கண்ணாடி போட்டால்தான் தெரிகிற எழுத்தில், தயாரிப்பாளர் பெயரும் முகவரியும் இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள்.