பின்னால் வருபவரின் பங்கு

2003 ஜூலை 2 அன்று தமிழ்நாட்டு அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஓய்வுக்காலப் பலன்களில் விழுந்த வெட்டுதான் காரணம். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை மொத்தமாகப் பெறும் வரம்பு குறைக்கப்பட்டது. ஈட்டிய விடுப்பை ஒப்படைத்துப் பணம் பெறும் வசதியும் நின்றுபோனது. அன்றைய அரசு பேசிப்பார்க்கும் மனநிலையில் இல்லை. தலைவர்கள் இரவோடு இரவாகக் கைதானார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவை அவசரச் சட்டத்தால் இன்னும் இறுக்கினார்கள். சில நாட்களுக்குள் ஏறத்தாழ 1.7 லட்சம் பேர் வேலையிழந்தார்கள். மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்த பிறகுதான் பெரும்பாலோர் பணிக்குத் திரும்ப முடிந்தது.

ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமை இல்லை, சட்ட உரிமை இல்லை, தார்மீக உரிமையும் இல்லை என்றது. முதல் இரண்டும் சட்டம் படித்தவர்கள் வாதாட வேண்டியவை. மூன்றாவதை மட்டும் நீதிபதிகளிடமே விட்டுவிட முடியாது. அது ஒவ்வொருவரும் தன் மனச்சாட்சியிடம் கேட்டுத் தெளிய வேண்டியது.

அதே ஆகஸ்ட் 6 தேதியிட்டுத்தான் அரசாணை 259 வெளிவந்தது. 2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம்தான் என்றது அது. அடிப்படைச் சம்பளத்திலும் அகவிலைப்படியிலும் 10 விழுக்காடு பிடித்தம். அதே அளவு அரசின் பங்கு. ஏற்கெனவே பணியில் இருந்தவர்களை அது தொடவில்லை. 2004 ஜனவரி 1 முதல் மத்திய அரசும் இதே வழியில் சென்றது.

இதில் உள்ள சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும். வெட்டு விழுந்தது பெரும்பாலும் இன்னும் வேலைக்கே வராதவர்கள் மீது. அவர்களுக்குச் சங்கம் இல்லை. எங்கோ ஒரு கல்லூரியிலோ பள்ளியிலோ உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். பறிபோவது தங்களுடையது என்றே அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தவர்களோ அப்போதுதான் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்து வேலையை மீட்டவர்கள். தங்கள் ஓய்வூதியம் பத்திரமாக இருக்கிறது என்ற நிம்மதி வேறு. வீட்டில் அடுப்பெரிய வேண்டியவர்களை அந்த நேரத்து மௌனத்துக்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நிம்மதி நாட்பட்டால் பழக்கமாகிவிடுகிறது. தனக்கு நட்டமில்லாத அநீதியோடு சேர்ந்து வாழப் பழகுவதுதான் உத்தியோக வாழ்க்கையின் பெரிய ஆபத்து.

பலன் எங்கே தெரிந்தது? ஒரே ஆசிரியர் அறையில். ஒரே மணியடிப்புக்கு வகுப்புக்குப் போகும் இருவரில் ஒருவர் ஓய்வுபெற்றால், கடைசிச் சம்பளத்தில் பாதிவரை மாதந்தோறும் வரும். ஜனவரியிலும் ஜூலையிலும் அகவிலைப்படி ஏறும். அவர் காலத்துக்குப் பிறகு குடும்பத்துக்கும் ஓய்வூதியம் உண்டு. மற்றவர் ஓய்வுபெற்றபோது சேர்ந்த பணம் வட்டியோடு கைக்கு வந்தது. அதன்பின் மாதம் பிறந்தாலும் எதுவும் வரவில்லை. பணியிலேயே இறந்துபோனவரின் மனைவி, கணவரின் கணக்கில் சேர்ந்த தொகைக்காக அலுவலக வாசலில் நின்றார். ஓய்வூதியம் அரசு போடும் பிச்சையல்ல, செய்த வேலைக்கான உரிமை என்று 1982லேயே நகாரா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அப்படியானால் இந்த இருவரில் ஒருவருடைய உழைப்பு எந்த விதத்தில் மட்டமானது?

ஆகவே ஊழியர்களும் ஆசிரியர்களும் பழைய ஓய்வூதியம் கேட்டுத் தெருவுக்கு வந்ததில் தவறில்லை என்பதே என் கருத்து. ஆனால் நியாயமான போராட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. 2019 ஜனவரி 22 அன்று ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ தொடங்கிய வேலைநிறுத்தம் 30ஆம் தேதிவரை நீடித்தது. மார்ச்சில் பொதுத்தேர்வு. பூட்டிக் கிடந்த அரசுப் பள்ளியில் கோட்டையில் இருப்பவர்களின் பிள்ளைகள் யாரும் படிக்கவில்லை. போராடிய ஆசிரியர்களிலும் எத்தனை பேருடைய பிள்ளைகள் அங்கே படித்தார்கள் என்று ஊர் கேட்டது. குத்தலான கேள்விதான், ஆனாலும் நியாயமானது. நோ ஒர்க் நோ பே என்று சம்பளம் போவதும், 17பி குற்றச்சாட்டுக் குறிப்பாணை வருவதும் ஊழியர் தானே தேர்ந்து ஏற்ற இழப்புகள். கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை இழந்த வகுப்புகள் அப்படியல்ல. அந்த மணிநேரங்கள் கடன். சனிக்கிழமையிலோ மாலையிலோ உட்கார்ந்து பாடம் நடத்தித் திருப்பித் தர வேண்டிய கடன். அதற்கு எந்த அரசாணையும் தேவையில்லை.

இன்னொரு கடனும் இருக்கிறது. சத்துணவுக்கூடத்தில் ஆயுள் முழுக்கச் சமைத்தவருக்குச் சிறப்பு ஓய்வூதியம் மாதம் 2,000 ரூபாய் என்றிருந்தது. ஓய்வூதியமே இல்லாத ஏழை முதியவருக்கான மாத உதவித்தொகை 2023இல்தான் 1,200 ரூபாய் ஆனது. 2019 கோரிக்கைப் பட்டியலில் சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியமும் இருந்தது; அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. மேடையில் அதைப் பற்றி எவ்வளவு நேரம் பேசினோம் என்பதைப் பங்கேற்றவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொள்ளட்டும்.

அரசுகளைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது பழைய ஓய்வூதியம் தருவதாகச் சொல்வதும், கோட்டைக்குள் போனதும் கஜானாவைக் காட்டுவதும் இங்கே வழக்கம். 2021 தேர்தல் வாக்குறுதி 2026 ஜனவரியில்தான் ஓர் அறிவிப்பாக வந்தது: கடைசிச் சம்பளத்தில் 50 விழுக்காடு உறுதி, ஊழியரின் 10 விழுக்காடு பிடித்தம் தொடரும்.

2003இல் யாருடைய பங்கு பேசப்படாமல் போனதோ, அவர்களே இன்று பணியில் மூத்தவர்கள், சங்கப் பொறுப்புகளில் இருப்பவர்கள். அவர்களுக்குப் பின்னால் வருபவர்கள் வேறு வகை. 2012இல் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர்கள், தெருவைப் பெருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்கள், வெளிமுகமை மூலம் மருத்துவமனையில் வேலை பார்ப்பவர்கள். பழையது, புதியது என்ற எந்தத் திட்டத்திலும் இவர்கள் பெயர் இல்லை. அடுத்த கோரிக்கைப் பட்டியல் எழுத உட்காரும்போது இவர்களுக்கான வரியை ஏழாவதாகவோ எட்டாவதாகவோ வைக்காமல் முதலில் எழுதிப் பார்க்கலாம். அந்த ஒரு வரிக்காக மட்டும் ஒரு நாள் சம்பளத்தை விட யார் யார் கை தூக்குகிறார்கள் என்பதையும் செயற்குழுவிலேயே எண்ணிவிடலாம்.