புள்ளி

பிரதி எடுப்பவனுக்குத் திருத்தும் உரிமை உண்டா? ஏடு பெயர்த்த காலத்திலிருந்து நம்மிடம் இருந்துவரும் கேள்வி இது. சமீபத்தில் நான் இதை எதிர்கொள்ள நேர்ந்தது ஒரு சர்க்யூட் படத்தில்.

திருப்பூரில் பின்னலாடை யந்திரங்களின் கண்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கும் நண்பர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் காங்கேயத்தில் என் அறைக்கு வருவார். அவருக்கு ஒரு கிறுக்கு. 1970களில் அமெரிக்காவில் காசு போட்டு விளையாடிய வீடியோ யந்திரங்களின் சர்க்யூட் படங்களைக் கம்ப்யூட்டர் படிக்கும் பட்டியலாக மாற்றுவது. ஓராண்டாக எனக்கும் அதில் பங்கு. எலக்ட்ரானிக்ஸ் எனக்குத் தெரியாது. ஆனால் வங்கி குமாஸ்தாவுக்குச் சரிபார்க்கத் தெரியும். அவர் படத்தைப் பார்த்து வாசிப்பார், நான் பட்டியலில் டிக் அடிப்பேன்.

எதற்காக இந்த வேலை என்று சொல்லவேண்டும். பிற்கால விளையாட்டு யந்திரங்களில் ஒரு மைக்ரோபிராசஸர் இருக்கும். விளையாட்டு என்பது அதற்கு இடப்பட்ட ஆணைகளின் தொகுதி. அந்த ஆணைகளை நினைவகச் சில்லிலிருந்து பெயர்த்தெடுத்து, அந்தப் பிராசஸரைப் போலவே நடந்துகொள்ளும் ஒரு நிரலிடம் கொடுத்தால் இன்றைய கம்ப்யூட்டரில் விளையாட்டு மறுபடி நடக்கும். 1997இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா தொடங்கிய ‘மேம்’ ஆயிரக்கணக்கான யந்திரங்களை இப்படித்தான் காப்பாற்றி வைத்தது. ஆனால் 1972இல் அட்டாரி கம்பெனிக்காக ஆலன் அல்கார்ன் வடிவமைத்த ‘பாங்’ விளையாட்டில் பிராசஸரும் இல்லை, ஆணையும் இல்லை. இருப்பவை அறுபதுக்கு மேற்பட்ட ஐ.சி.க்களும் அவற்றை இணைக்கும் கம்பித் தடங்களும்தான். பந்து எங்கே, மட்டை எங்கே, யார் ஜெயிக்கிறார் என்பதெல்லாம் மின்னழுத்தம் ஏறி இறங்குவதன் விளைவு. தனியே பெயர்த்தெடுக்க வாசகம் என்று ஒன்றில்லை. உடம்பே வாசகம்.

ஆகவே உடம்பைத்தான் பிரதி எடுக்கவேண்டும். பழைய படத்தைக் ‘கைகேட்’ போன்ற வரைநிரலில் மறுபடி வரைந்து, அதிலிருந்து எந்த உறுப்பு, அதன் மதிப்பு என்ன, எந்தக் கால் எந்தக் காலோடு சேர்கிறது என்ற பட்டியலைப் பெற்று, மேமின் பாஷைக்கு மாற்றுகிறோம். சொல்ல எளிது. பழைய படம் மனிதர்களுக்காக வரையப்பட்டது. அவர்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி அது பலவற்றைச் சொல்லாமல் விடும். ஐ.சி.க்கு மின்சாரம் தரும் கால்களை வரையாது. ஒரே ஐ.சி.க்குள் இருக்கும் நான்கு கேட்டுகளைத் தாளின் நான்கு மூலைகளில் சிதறவிடும். ஒரு கேட் பதில் சொல்ல ஏறத்தாழ 10 நானோ வினாடி எடுத்துக்கொள்ளும் என்பதைக் குறிப்பிடாது. இத்தகைய சர்க்யூட் சில இடங்களில் ஒழுங்காக ஓடுவதே அந்தத் தாமதத்தை நம்பித்தான். யந்திரத்துக்கோ ஒன்று விடாமல் சொல்லியாக வேண்டும்.

எல்லாவற்றிலும் சங்கடம் தருவது புள்ளி. இரண்டு கோடுகள் குறுக்கிடும் இடத்தில் புள்ளி இருந்தால் இணைப்பு. இல்லாவிட்டால் அவை ஒன்றையொன்று தாண்டிப் போகின்றன. ஐம்பது வருஷப் பழைய தாளின் நகலுக்கு நகலில் தெரியும் கறுப்பு, புள்ளியா அழுக்கா? நம் ஏடுகளிலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது பெரும்பாலும் வழக்கமில்லை. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். படிப்பவன்தான் தீர்மானிக்க வேண்டும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்பிட்டுத் தீர்மானித்தார். ஆனால் தான் தீர்மானித்ததோடு நிற்கவில்லை. அவர் பதிப்புகளின் அடிக்குறிப்புகளில் வரும் பிரதிபேதங்கள், தான் ஏற்காத பாடத்துக்கும் அவர் அளித்த இடம். நான் இதை அடக்கம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளவில்லை. பின்னால் வருபவனுக்குத் தன்னோடு மாறுபடும் உரிமையை விட்டுச்செல்வது அது.

ஒரு ஞாயிறு, எங்கள் பட்டியல் ஒருவழியாக ஓடியது. ஆனால் மட்டை திரையின் மேல்விளிம்பு வரை போகவில்லை. மேலே ஒரு சந்து. எங்கோ தப்பாகப் படித்துவிட்டோம் என்று நினைத்து, ஒரு கண்டென்ஸரின் மதிப்பைக் குறைக்கச் சொன்னேன். மட்டை மேலே ஏறியது. திருப்தியாக டீ குடிக்கப் போனோம்.

பிறகு தெரிந்தது, அந்தச் சந்து மூலத்திலேயே இருந்தது. அல்கார்னின் எளிய சர்க்யூட்டில் உள்ள குறை அது. அவருக்கும் தெரியும். தெரிந்தே விட்டுவைத்தார். மட்டை முழு உயரமும் எட்டினால் தேர்ந்த இருவர் முடிவில்லாமல் ஆடிக்கொண்டிருப்பார்கள். பந்து நுழைய ஒரு வழி வேண்டியிருந்தது. நான் அடைத்தது விளையாட்டு மூச்சு விடும் துவாரத்தை.

இது எனக்கு உறைத்ததற்குக் காரணம் உண்டு. வங்கியில் பழைய கணக்குகளின் பெயர்களைச் சரிபார்க்கும் வேலை ஒருமுறை என்னிடம் வந்தது. தேங்காய்க் களத்தில் பருப்பு எடுக்கும் வேலைக்குப் போன ஒரு மூதாட்டியின் பெயர் ‘மாராக்காள்’ என்றிருந்தது. எழுதியவர் பிழை என்று கொண்டு, நான் கேள்விப்பட்டுப் பழகிய ‘மாராத்தாள்’ ஆக்கினேன். மற்ற ஆவணங்களோடு பெயர் ஒத்துப்போகாமல் அவருடைய முதியோர் உதவித்தொகை மூன்று மாதம் நின்றது. கவுண்ட்டருக்கு வந்து நின்றவர் கோபிக்கவில்லை. “எம்பேரு மாராக்காதானுங்க தம்பி. எங்கப்பன் வெச்சது. நீங்க ஏனுங்க மாத்துனீங்க?” என்றுதான் கேட்டார். நல்லெண்ணத்தைத் தவிர என்னிடம் பதில் இல்லை. நல்லெண்ணம் அந்த மூன்று மாதத்துக்குச் சோறு போடவில்லை.

அப்படியானால் பிழையை எல்லாம் பூஜிக்க வேண்டுமா? இல்லை. வரைந்தவர் கைதவறி விட்ட புள்ளியை வைத்துத்தான் ஆகவேண்டும், இல்லாவிட்டால் பந்தே வராது. படத்தின் பிழை வேறு, பொருளின் குறை வேறு. கஷ்டம் என்னவென்றால் தாளில் இரண்டும் ஒரே முகத்தோடு இருக்கின்றன. சாட்சி இருந்தால் கேட்கலாம். எங்கோ ஒரு பழைய போர்டு எஞ்சியிருந்தால் மீட்டர் வைத்துப் பார்க்கலாம். மாராக்காள் உயிரோடு இருந்தார், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை என்பதுதான் குற்றம். திருத்தியது அடுத்தபடிதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எவ்வளவு விசுவாசமாகச் செய்தாலும் எங்கள் பட்டியல் ஒரு பொய். அந்தக் காலத்து ரெஸிஸ்டர்கள் குறித்த மதிப்பிலிருந்து நூற்றுக்கு ஐந்தோ பத்தோ பிசகும். ஒவ்வொரு ‘பாங்’ யந்திரமும் சிறிது வேறாகத்தான் ஓடியிருக்கும். பட்டியலில் உள்ளது குறித்த மதிப்பு மட்டுமே. அந்த அப்பழுக்கற்ற ‘பாங்’ எந்த மதுக்கடையிலும் இருந்ததில்லை. பிரதி எடுப்பவன் கையில் மூலம் கெடுவதைவிட, மூலத்தைவிடச் சுத்தமாகிப் போவதே பெரிய அபாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. மறுபதிப்புகளில் ஒற்றும் சந்தியும் சத்தமின்றிச் சீராக்கப்பட்ட நம் உரைநடைக்காரர்களுக்கும் இதுதான் நடந்தது. வாசகன் படிப்பது யாரை என்று அவனுக்கே தெரியாது.

கண்டென்ஸரைப் பழைய மதிப்புக்கே மாற்றிவிட்டோம். பட்டியலில் யந்திரம் படிக்காத வரிகள் எழுத இடம் உண்டு. சந்தேகமான ஒவ்வொரு புள்ளிக்கும் பக்கத்தில் இப்போது எழுதுகிறேன்: ‘இங்கே படம் தெளிவில்லை. இணைப்பு என்று கொண்டோம். இல்லாமலும் இருக்கலாம்.’ வங்கியில் நான் பெயர் திருத்தும் திரையில் அப்படி ஒரு வரிக்கு இடமில்லை. அதற்காக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன்.