காணாப் பொருளும் வணிக அறமும்

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தை அடுத்துள்ள திருநெல்வேலிச் சந்தையிலே காய்கறி வாங்குபவர் பொருளைக் கையிலெடுத்துப் பார்க்கின்றார், தராசைக் கவனிக்கின்றார், விலையைப் பேசித் தீர்க்கின்றார். ஏமாற்றப்பட்டால் மறுநாள் சென்று விற்றவரைக் கேட்கவும் கூடும். அங்கு நம்பிக்கைக்குக் கண்ணும் கையும் துணைநிற்கின்றன. இணையவழி வணிகத்திலோ இத்துணைகள் இல்லை. பொருளின் படமே பொருளுக்குப் பதிலாக நிற்கின்றது. முகமறியாத ஒருவரை முகமறியாத மற்றொருவர் நம்புதற்கு அடிப்படை யாது?

இவ்வினாவுக்குப் பல ஏற்பாடுகள் விடையாகத் தரப்பட்டுள்ளன. 1995ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஈபே நிறுவனம், மறு ஆண்டிலேயே வாங்குவோரும் விற்போரும் ஒருவரையொருவர் மதிப்பிடும் முறையைப் புகுத்தியது. பொருள் கைக்கு வந்தபின் பணம் செலுத்தும் முறை இலங்கையிற் பெரிதும் வழங்குகின்றது. 2006ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் இத்தகைய ஒப்பந்தங்களுக்குச் சட்ட வலு அளித்தது. இவையாவும் பயனுடையனவே. ஆயினும், இவை வஞ்சனையின் ஆதாயத்தைக் குறைக்குமேயன்றி நேர்மையைப் பிறப்பிக்கமாட்டா. கண்காணிப்பு உள்ளவரை மட்டும் நேர்மையாய் ஒழுகுதல் அச்சத்தின் பாற்படும்.

மேலும், இவ்வேற்பாடுகள் எட்டாத இடமும் உண்டு. கனடாவில் வாழும் மகன் ஒருவன், பருத்தித்துறையிலுள்ள தாய்க்கு இணையவழியாகப் பழக்கூடை அனுப்புகின்றான் எனக் கொள்க. பணம் கொடுத்தவன் பொருளைக் காண்பதில்லை. பொருளைக் கண்டவள் பணம் கொடுத்ததில்லை. பழங்கள் அழுகியிருப்பினும், மகன் மனம் நோகுமே என்று, நல்ல பழங்கள் வந்தன என்றே தாய் கூறக்கூடும். முறைப்பாடு எழாது, விற்றவரின் மதிப்பும் குறையாது. நிகழ்ந்த வஞ்சனையை அவர் நெஞ்சு மட்டுமே அறியும். வணிக அறம் உண்மையிற் சோதிக்கப்படுவது இவ்விடத்திலேதான்.

அறம் இலாபத்துக்கு ஒவ்வாது என்பாருமுளர். அமெரிக்கப் பொருளியலறிஞர் ஜோர்ஜ் அக்கர்லொவ் 1970ஆம் ஆண்டில், பழைய மோட்டார்க் கார்ச் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஆராய்ந்தார். பொருளின் தரத்தை விற்பவர் மட்டுமே அறிந்திருப்பின், வாங்குவோர் எல்லாப் பொருளையும் ஐயுற்று விலையைக் குறைத்து மதிப்பர். அவ்விலை கட்டாத நல்ல பொருள் சந்தையை விட்டு நீங்கும். எனவே, ஒருவர் செய்யும் வஞ்சனை வாங்கியவரோடு முடிவதில்லை; வீட்டிலே பனம்பொருள் செய்து நேர்மையாய் விற்கும் பெண்ணின் வாழ்வையும் அது தாக்குகின்றது. அவ்வாறே, தாம் வரவழைத்த பொருளை வாசலில் வைத்துக் காரணமின்றி மறுப்பவரும் இப்பொது நம்பிக்கையைச் சிதைப்பவராவர்.

காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் போற்றும் பட்டினப்பாலை, கொள்வதை மிகுத்துக் கொள்ளாமையையும் கொடுப்பதைக் குறைத்துக் கொடாமையையும் அவர்தம் சிறப்பாகக் காட்டுகின்றது. பொருளும் முகமும் மறைந்துள்ள இன்றைய வணிகத்திலும் அளவுகோல் அதுவே. பார்ப்பவர் இல்லாதபோதும் படத்திற் காட்டியதும் பெட்டியில் இட்டதும் ஒன்றாயிருக்குமாயின், அங்கேதான் நம்பிக்கை வேர்கொள்ளும்.